பெருத்த நண்டும் வளர்ந்த நண்டும்

முத்துப்பேட்டையில் நண்டை விலைக்கு எடுக்கும் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். கோரையாறும் பாமணியாறும் கடலைத் தொடும் அலையாத்திக் காட்டுப் பக்கம் வலை போட்டவர்கள் காலையில் கொண்டுவந்து கொட்டும் களி நண்டுகளை அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். அடிப்பக்கத்து ஓட்டில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து. பிறகு தராசுக்கு, அல்லது ஓரத்துக் கூடைக்கு. ஓரத்துக் கூடையில் விழுந்தவற்றில் பாதி, தராசுக்குப் போனவற்றைவிடப் பெரியவை. ஓடு பளபளவென்று அழுக்கில்லாமல், இப்போதுதான் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. இவ்வளவு நல்ல நண்டை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று கேட்டேன். "சட்டை கழட்டி நாலு நாள்தான் ஆயிருக்கும் தம்பி. பெருசாயிருக்கு, வளரல" என்றார். அடுத்த நண்டை எடுத்துக்கொண்டார்.

அந்த இரண்டு சொற்கள் என்னை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது நேர் எதிராக இருந்தது. ஓடு இறுகிப் போகும், உடம்பு வளர இடமிருக்காது, அதனால் ஓட்டைக் கழற்றிவிட்டு வளரும். இதுதான் பாடம். ஊரில் யாரைக் கேட்டாலும் சட்டை உரித்தால்தான் வளர்ச்சி என்பார்கள். நாற்பது வருடமாக நண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற ஒருவர் மட்டும், சட்டை உரித்திருக்கிறது, ஆகவே இன்னும் வளரவில்லை என்கிறார். அன்றிலிருந்து நண்டு, இறால், பாம்பு, நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சி என்று எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியோடுதான் பார்த்துவருகிறேன். இப்போது என் முடிவு ஒன்று உண்டு. பெரியவர் சொன்னதுதான் சரி. பாடப்புத்தகம் பொய் சொல்லவில்லை. ஆனால் மிக முக்கியமான பகுதியை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறது.

உரிப்பதற்கு முன்னால் நடப்பது

நண்டின் ஓடு நம் எலும்பு மாதிரி உயிருள்ள பொருள் கிடையாது. தோலின் மேல்செல்கள் சுரந்து வெளியே தள்ளிய கைட்டின் என்ற நார்ப்பொருளும் புரதமும்தான் அடிப்படை. அதில் கால்சியம் கார்பனேட் ஏறிக் கல்லாகிறது. ஒருமுறை இறுகிவிட்டால் அதனால் விரிய முடியாது. உள்ளே இருக்கிற உயிரோ தின்றுகொண்டே இருக்கிறது. ஆக ஓட்டை மாற்றித்தான் தீரவேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

மாற்றும் வேலை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறது என்பதுதான் என்னை நிறுத்தி வைத்தது. வளர்ந்த களி நண்டு பழைய ஓட்டை விட்டு வெளியே வர எடுத்துக்கொள்வது சில மணி நேரம். அதற்கான ஏற்பாடு வாரக்கணக்கில் நடக்கிறது. முதலில் தோல் ஓட்டிலிருந்து விலகிக்கொள்கிறது. நடுவில் ஒரு திரவம் சுரந்து பழைய ஓட்டின் உட்புறத்தைக் கரைக்கிறது. கரைந்ததை நண்டு வீணாக்குவதில்லை. கால்சியத்தில் ஒரு பகுதியை இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. அடியில் புதிய ஓடு, இன்னும் கல்லேறாமல், மடிப்பு மடிப்பாகத் தயாராகிறது. முன்பு எப்போதோ ஒரு காலை இழந்திருந்தால் அந்த இடத்தில் புதுக்கால் சுருண்ட மொட்டாகக் காத்திருக்கிறது. உரித்து வெளியே வந்ததும் அது விரியும்.

கொடுக்கின் கதை இதைவிடப் பெரிது. களி நண்டின் கொடுக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நுனிப்பகுதி எத்தனை பருமன், அது உடம்போடு சேரும் கணு எத்தனை ஒடுக்கம் என்று. உரிக்கும்போது அந்தப் பருமனான சதை முழுவதும் அந்த ஒடுக்கமான கணு வழியாகத்தான் வெளியே வரவேண்டும். வேறு வழியே கிடையாது. அதனால் உரிப்பதற்கு முன் நண்டு தன் கொடுக்குச் சதையைத் தானே கரைத்து இளைக்க வைக்கிறது. தன் பலமெல்லாம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தையே மெலிய வைத்து, உருவி எடுத்து, பிறகு வாரக்கணக்கில் திரும்பக் கட்டுகிறது. இதைப் படித்த நாளில் வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. வளர்வதற்காக என்று நாம் சொல்லும் ஒரு காரியத்தின் முதல் படி, இருப்பதைக் குறைப்பது.

கழற்றுவதும் மேலோடு மட்டுமில்லை. செவுளின் மேல் படிந்த மென்படலம், கண்ணின் மேல் உறை, இரைப்பைக்குள் இரையை அரைக்கும் பற்கள், குடலின் கடைப்பகுதியின் உட்பூச்சு எல்லாம் சேர்ந்து வெளியே வரும். முதுகு ஓட்டுக்கும் மடக்கிய வயிற்றுக்கும் இடையில் பிளவு விழ, நண்டு பின்பக்கமாக நழுவி வருகிறது. அலையாத்தி வேரில் சிக்கிக் கிடக்கும் முழு நண்டு ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் மீசை முதல் கால் நகம் வரை குறையாமல் இருக்கும். உள்ளேதான் ஆளில்லை.

தண்ணீர்தான் அந்தப் பருமன்

வெளியே வந்த நண்டு உடனே தண்ணீரைக் குடித்து உடம்பை ஊதிக்கொள்கிறது. மடிந்திருந்த புதிய ஓடு விரிந்து நீள்கிறது. சிறு நண்டானால் அகலம் கால் பங்குக்கு மேல்கூடக் கூடிவிடும். அந்த அளவிலேயே ஓடு இறுகத் தொடங்கும். ஆக, நாம் கண்ணால் பார்க்கிற வளர்ச்சி முழுவதும் இந்தச் சில மணி நேரத்தில் நடக்கிறது. அது முழுவதும் தண்ணீர். தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது, "வளர்ற புள்ள, ரெண்டு இஞ்ச் கூட வச்சுத் தைங்க" என்று அம்மாக்கள் தையல்காரரிடம் சொல்வார்களே, அந்தச் சட்டைதான் நண்டின் புது ஓடு. பிள்ளை அதற்குள் இனிமேல்தான் வளரவேண்டும்.

அப்படிப்பட்ட நண்டை வேகவைத்து உடைத்தால் தண்ணீர்தான் கொட்டும். சதை நூலாக ஒட்டிக்கொண்டிருக்கும். பெரியவரின் கட்டைவிரல் தேடுவது இதைத்தான். ஓடு அழுந்தினால் உள்ளே சரக்கில்லை. ஓட்டில் கறை படிந்து, பழுப்பேறி, சில நேரம் சிறு சிப்பிகள்கூட ஒட்டியிருக்கும் நண்டுதான் கனமான நண்டு. உரித்து வெகுநாள் ஆனது, அதே ஓட்டுக்குள் இருந்தபடி தண்ணீரைச் சதையாக மாற்றிக்கொண்டது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தக் காலம் முழுவதும் அந்த நண்டு ஒரு நூல்கூட வளர்ந்ததாகத் தெரியாது.

உயிரியல்காரர்கள் இதை எடைபோட்டே காட்டியிருக்கிறார்கள். ஈர எடையை நிறுத்தால் உரித்தவுடன் ஒரே தாவல். அதையே உலர்த்தி நிறுத்தால் உரித்த அன்று எடை கூடவில்லை, குறைந்திருக்கிறது, பழைய ஓடு போய்விட்டதே. அதன்பின் அடுத்த உரிப்பு வரை மெதுவாக ஏறுகிறது. வளர்ந்தது எப்போது என்ற கேள்விக்கு இரண்டு தராசும் இரண்டு பதில் சொல்கின்றன.

மாமாவின் குட்டை

வேதாரண்யம் பக்கம் மாமா வனாமி இறால் வளர்க்கிறார். நாகை மாவட்டத்தில் இறால் பண்ணை என்று எழுதினாலே கீழே கருத்துப் பகுதியில் சண்டை வரும் என்று தெரியும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கும், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்செய்க்கு நடுவே உப்புத்தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்தியதற்கு எதிராக நடந்த அந்தப் போராட்டம் நியாயமானது என்பதே என் எண்ணம். மாமாவிடமும் சொல்லியிருக்கிறேன். இன்று பேச வந்தது வேறு.

குட்டையில் உரிப்பு என்பது ஒரு நெருக்கடி. குஞ்சாக இருக்கும்போது ஓரிரு நாளுக்கு ஒருமுறை உரிக்கிற இறால், கையளவு வந்தபின் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று வந்து நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியோ, திடீர் மழையில் தண்ணீரின் உப்பு இறங்கும்போதோ பெருங்கூட்டமாக ஒரே இரவில் உரிக்கும். காற்று ஒதுக்கும் மூலையில் கண்ணாடிக் காகிதம் போன்ற சட்டைகள் மிதக்கும். அன்று தீனி எடுக்காது. வாய்க்குள் அரைக்கிற பாகமே மெத்தென்றிருக்க எதைக் கடிக்கும்? மாமா தீனியைக் குறைத்துவிட்டு, தண்ணீரில் காற்றேற்றும் ஏரேட்டர் அத்தனையையும் ஓடவிடுவார். உரிக்கும் நேரத்தில் ஆக்சிஜன் தேவை ஏறிவிடும். முடியாதவை பாதி உரித்த நிலையிலேயே செத்துக் கிடக்கும். உரித்து மெத்தென்று கிடப்பதை இன்னும் உரிக்காத இறால் வந்து தின்றுவிடும். மறுநாள் சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் என்று தண்ணீரில் தாது சேர்ப்பார். உடம்பில் சேமித்தது கொஞ்சம்தான், ஓட்டைக் கல்லாக்கத் தேவையான மீதியை இறால் தண்ணீரிலிருந்துதான் எடுத்தாகவேண்டும். ஓரிரு நாளில் ஓடு கெட்டிப்படும். பிடிப்புக்கு நாள் குறிக்கும்போதும் உரிப்பு நாளைத் தள்ளித்தான் குறிப்பார். சாஃப்ட் இறால் அதிகமிருந்தால் கம்பெனிக்காரன் விலையை அடித்துவிடுவான்.

குஞ்சு வாங்குவதற்காக மாமா ஒருமுறை பொரிப்பகத்துக்குப் போனபோது நானும் கூடப்போனேன். தாய் இறால்கள் இருந்த தொட்டியில் எல்லாவற்றுக்கும் ஒரு கண்தான் இருந்தது. நோயோ என்று நினைத்தேன். அங்கிருந்த பையன் சாதாரணமாகச் சொன்னான்: "கண்ணுத் தண்ட நாங்கதான் எடுப்போம் சார். அப்பத்தான் முட்டை வைக்கும்." எனக்கு வயிற்றைப் புரட்டியது. இன்றும் அந்த முறையை என்னால் சமாதானமாக ஏற்க முடியவில்லை, உலகம் முழுக்க இறால் பொரிப்பகங்களில் அதுதான் வழக்கமாக இருந்துவந்தது என்றாலும். ஆனால் ஏன் கண் என்று தேடப்போனதில்தான் பெரியவரின் சொல்லுக்கு முழு விளக்கம் கிடைத்தது.

நண்டுக்கும் இறாலுக்கும் கண் ஒரு தண்டின் நுனியில் இருக்கிறது. அந்தத் தண்டுக்குள் ஒரு சிறு சுரப்புத் தொகுதி இருக்கிறது. முட்டை வளர்வதைத் தடுக்கும் சுரப்பு அங்கேதான். 1943இல் பனூஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் தண்டை நீக்கினால் முட்டைப்பை வளர்வதைக் காட்டினார். பொரிப்பகங்கள் கடைப்பிடிப்பது அந்த வழியைத்தான். அதே தண்டிலிருந்துதான் இன்னொரு சுரப்பும் வருகிறது: உரிக்காதே என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் சுரப்பு. உரிப்பைத் தொடங்கிவைக்கும் எக்டைசோன் வகை ஹார்மோனைச் சுரக்கிற உறுப்பு தலைப்பகுதியில் எப்போதும் தயாராக இருக்கிறது. கண்தண்டு அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. பிடி தளரும்போதுதான் உரிப்பு. 1905லேயே செலனி என்பவர் சிறு நண்டுகளின் கண்தண்டுகளை நீக்கியபோது அவை சீக்கிரம் சீக்கிரமாக உரித்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டு தண்டையும் இழந்த நண்டு வேகமாக வளரவேண்டும் அல்லவா, உரிப்புதான் வளர்ச்சி என்றால்? அளவு என்னவோ ஏறுகிறது. தண்ணீரைக் கூடுதலாகவே குடித்து ஊதிக்கொள்கிறது. சதை நிரம்புவதற்குள் அடுத்த உரிப்பு வந்துவிடுகிறது. கால்சியம் சேரவில்லை, சேமிப்பு இல்லை. பல நண்டுகள் உரிக்கும்போதே செத்துப்போகின்றன. பெருசாகிக்கொண்டே போய், வளராமலே சாவது. அந்த உயிர் தன் உடம்பில் இவ்வளவு செலவுசெய்து ஒரு தடையை வைத்திருப்பதற்குக் காரணம், இரண்டு உரிப்புகளுக்கு நடுவில் இருக்கும் காலத்தைக் காப்பாற்றத்தான். அந்தக் காலத்தில்தான் வளர்ச்சி நடக்கிறது.

பாம்பும் உள்ளானும்

இதற்கு மறுபக்கச் சாட்சியும் நம்மூரில் உண்டு. வைக்கோற்போரில் சாரைப்பாம்புச் சட்டை கிடைக்காத வீடு டெல்டாவில் இருக்காது. பாம்புக்கு உள்ளே எலும்பு இருக்கிறது, அது தன்போக்கில் வளர்கிறது, ஓடு தடுப்பதில்லை. குட்டிப்பாம்பு அடிக்கடி உரிக்கும், உண்மைதான். ஆனால் முழு வளர்ச்சி அடைந்து வருடக்கணக்காக நீளம் மாறாத கிழட்டுப் பாம்பும் உரிக்கத்தான் செய்கிறது. தேய்ந்த மேல்தோலை மாற்ற, காயத்தை ஆற்ற, ஒட்டிய உண்ணியைக் கழிக்க. புதுத்தோல் அடியில் உருவாகி இரண்டுக்கும் நடுவே திரவம் ஊறும்போது கண்ணின் மேலிருக்கும் செதிலும் பால்பூத்து மங்கிவிடும். அந்த நாட்களில் பாம்பு சரியாகப் பார்க்காது, மறைவில் கிடக்கும், சீண்டினால் சட்டென்று சீறும். கண் தெளிந்து சில நாளில் உதட்டோரம் கிழித்து, சொரசொரப்பான எதிலாவது தேய்த்து, உட்புறம் வெளியே வரும்படி கழற்றிப்போடும். கிடைத்த சட்டையை அளந்து பாம்பின் நீளத்தைச் சொல்கிறவர்கள் உண்டு. கழற்றும்போது இழுபடுவதால் சட்டை எப்போதும் பாம்பைவிட நீளமாகத்தான் இருக்கும்.

கோடியக்கரைக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் வந்திறங்கும் வளைமூக்கு உள்ளான்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு வரும் வளர்ந்த பறவைகள் கந்தலான இறகோடு வந்து, நம் சதுப்பில் தின்றபடியே ஒவ்வொரு சிறகிறகாக மாற்றிக்கொள்கின்றன. ஓர் அங்குலம் வளர்வதில்லை. திரும்பிப் போவதற்குச் சிறகு வேண்டும், அவ்வளவுதான். உரிக்காமல் வளரும் உயிர் உண்டு, வளராமல் உரிக்கும் உயிரும் உண்டு. நண்டில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் நாம் ஒன்றாக்கிவிட்டோம்.

வயலிலிருந்து ஆற்றுக்கு

நெல் போடுகிறவர்களுக்கு இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. புகையான் குஞ்சு ஐந்து பருவம் கடந்து, ஐந்து முறை உரித்துத்தான் இறக்கை முளைத்த பூச்சியாகிறது. தூரைப் பிரித்துப் பார்த்தால் தண்டின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருப்பது அது கழற்றிய சட்டைகள். இதற்கு அடிக்கும் மருந்துகளில் புப்ரோஃபெசின் என்று ஒன்று உண்டு. அது பூச்சியை நேராகக் கொல்வதில்லை. புதுத்தோலுக்கு வேண்டிய கைட்டின் உருவாவதைத் தடுக்கிறது. அடுத்து உரிக்கப் போகும்போது குஞ்சு செத்துவிழும். ஆகவே சில நாள் பொறுக்கவேண்டும். மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு, "மருந்து டூப்ளிகேட், ஒண்ணும் சாவல" என்று அதன்மேல் இன்னொன்றைக் கலந்து அடிப்பதை எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு சம்பாவிலும் பார்க்கிறேன். வளர்ந்த பூச்சி அதில் சாகாது, அது இனி உரிக்கப் போவதில்லை.

எனக்கு இருக்கும் கவலை அதற்கு அப்பால். உரிப்பைத் தூண்டும் ஹார்மோனை 1954இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது பட்டுப்புழுவின் கூட்டுப்புழுக்களிலிருந்து. 500 கிலோ கூட்டுப்புழுவிலிருந்து 25 மில்லிகிராம் கிடைத்தது. பூச்சிக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் அடிப்படையில் அதே வகை ஹார்மோன், அதே கைட்டின். ஆகவே உரிப்பைக் குறிவைக்கும் மருந்துக்கு இது வயல், இது ஆறு என்று தெரியாது. இந்த வகையில் பழைய மருந்தான டைஃப்ளூபென்சுரான் நண்டு, இறால் போன்ற நீர்வாழ் ஓட்டுடலிகளுக்குக் கடும் நஞ்சு என்பது நன்றாகத் தெரிந்த செய்தி. வயலின் வடிகால் எங்கே போகிறது? கோரையாற்றுக்கு, பாமணியாற்றுக்கு, அங்கிருந்து முத்துப்பேட்டைக் காயலுக்கு. ஐப்பசி கார்த்திகையில் மழைத்தண்ணீர் இறங்கிக் காயலின் உப்பு குறைந்து இளம் நண்டும் இறாலும் அங்கே உரித்துக்கொண்டிருக்கும் அதே வாரங்களில்தான் கடைமடையில் பூச்சிமருந்து அடித்த வயல்களும் வடிகின்றன. அடித்த வயலின் மடையைச் சில நாள் அடைத்து வைப்பதில் விவசாயிக்குப் பெரிய நட்டம் இருக்காது என்று நினைக்கிறேன், வெள்ளக்காடு ஆகாத வரைக்கும். இதை வேளாண் விரிவாக்கக்காரர்கள் மருந்து சொல்லும்போதே சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஓரத்துக் கூடைக்கும் ஒரு வழி இருக்கிறது. உரித்த மென்னண்டை அப்படியே உணவாக விற்கும் தொழில் தாய்லாந்திலும் வியட்நாமிலும் பெரிதாக நடக்கிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கூண்டைப் பார்த்து, ஓடு இறுகுமுன் எடுத்துவிடுவார்கள், ஓட்டோடு சாப்பிடலாம். ஆனால் நம் ஓரத்துக் கூடையில் விழுவது அந்த நேரத்தைத் தாண்டிய நண்டு, ஓடு பாதி இறுகி உள்ளே தண்ணீராக இருப்பது. அதற்குக் கொழுக்க வைப்பதுதான் சரி. கூண்டிலோ சிறு குட்டையிலோ விட்டுக் கழிவு மீனைப் போட்டால் மூன்று நான்கு வாரத்தில் சதை நிரம்பிவிடும். அளவு ஒரு நூல் கூடாது, விலை மட்டும் நன்றாக ஏறும். சீர்காழி பக்கம் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் களி நண்டுக் குஞ்சே பொரித்துத் தருகிறது. இவ்வளவு பக்கத்தில் அந்த அறிவு இருக்கும்போது, முத்துப்பேட்டையில் வலை போடுகிறவர்களுக்கு ஊருக்குப் பொதுவாகச் சில கூண்டுகள் அமைத்துக் கொடுக்க அரசுக்குப் பெரிய செலவு ஆகாது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். கூண்டு போட்டால் இரவில் காவல் யார் இருப்பது, தீனிக்கு முன்பணம் யார் போடுவது என்று இரண்டு கேள்வி கேட்டார். நியாயமான கேள்விகள். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த இரண்டுக்கும் பதில் சொல்லி எழுதுங்கள். நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.